அருவிக்குப் போட்ட ஓட்டு

இந்த ஊரில் கழிப்பறையை விட்டு வெளியே வந்தால்கூடக் கருத்துக் கேட்கிறார்கள். இத்தாலியில் நான் வேலை செய்யும் உணவகத்துக்குப் பக்கத்துப் பேரங்காடியில், கதவோரம் சிரித்த முகமும் அழுத முகமும் போட்ட பொத்தான்கள் இருக்கின்றன. யார் எண்ணுகிறார்கள், எண்ணி என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்தாலும் சிரித்த முகத்தை அழுத்திவிட்டுத்தான் வருகிறேன். நம்மையும் கேட்கிறார்களே என்று ஒரு சந்தோஷம்.

அந்தப் பழக்கத்தில்தான் தம்பி ரவி அனுப்பிய இணைப்பையும் உடனே திறந்தேன். இலங்கையின் இயற்கை அழகுகளில் சிறந்தவற்றை இணையத்தில் மக்களே தேர்ந்தெடுக்கலாமாம். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்து அருவியும் அதில் இருந்தது. எந்த நாட்டிலிருந்தும், தினம் ஒரு ஓட்டுப் போடலாம். அருவி வென்றால் பாதை போடுவார்கள், வெள்ளைக்காரர்கள் வருவார்கள், ரவியின் திரீவீலருக்குச் சவாரி கிடைக்கும். தோற்றால் திரீவீலரை விற்றுவிட்டு என்னிடமே வந்துவிடுவதாக இருந்தான். அவன் வந்துவிட்டால் தோட்டத்து லயத்து வீட்டில் அப்பா தனி.

கூட வேலை செய்யும் ஜூலியாவிடம் படத்தைக் காட்டினேன். "பெல்லா!" என்று அழகை வியந்தவள், உன்னுடையதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், குளித்தது, துவைத்தது எல்லாம் அங்கேதானே. சொந்தமாக அருவி வைத்திருப்பவள் இங்கே ஏன் தட்டுக் கழுவுகிறாள் என்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். விளக்குகிற அளவுக்கு எனக்கு அவர்கள் மொழி வராது. ஓட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அப்பா போட்டது தனிக் கதை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய மனிதர். அந்த மண்ணிலேயே பிறந்தும், பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அவருக்குக் குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தன. தேர்தல் நாளில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் போவார். அருவிக்கும் அப்படியே வந்து உட்கார்ந்தார், பையில் ஐடிகார்டோடு. கையில் பக்கத்து வீட்டுப் போன். ரவி தன் போனில் வீடியோ அழைப்பு போட்டு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கடா" என்று அவனை விரட்டிவிட்டு அழுத்தினார். அழுத்திவிட்டுச் சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

மறுநாளும் ரவி போடச் சொன்னான்.

"நேத்துத்தானே போட்டேன்."

"தெனமும் போடலாம்னு அவங்களே சொல்றாங்கப்பா."

"யாரு சொன்னாலும் கள்ள ஓட்டு கள்ள ஓட்டுதான்டா. நான் போட மாட்டேன்."

ரவி தலையில் அடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மகன் கிளம்பினால் தானே சோறாக்கிச் சாப்பிட வேண்டிய மனிதர், இரண்டாவது ஓட்டுக்கு அசையவே இல்லை. திடீரென்று என்னிடம் கேட்டார்:

"ஒனக்கு அங்க ஓட்டு இருக்காம்மா?"

"இல்லப்பா."

"இங்க இருக்கு. நீதான் வர்றதில்ல."

நான் மட்டும் தினமும் போட்டேன். அருவி வெல்லவில்லை. ரவி திரீவீலரை விற்றுவிட்டான். அடுத்த மாதம் வருகிறான்.

போன வாரம் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. இருக்கும் நாட்டைப் பார்த்து என்னை வெளிநாட்டவரோடு சேர்த்திருக்கிறார்கள். எங்கள் அழகிய நாட்டுக்கு ஒருமுறை வாருங்கள் என்று எழுதியிருந்தது. வேடிக்கையாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மரியாதையாத்தானே கூப்பிடுறாங்க" என்றார். "வந்து பாத்துட்டுப் போம்மா."