மூன்று சேர்வர்கள் சும்மா இருந்த பின்னேரம்

"பேஜ் தொறக்குதில்ல தங்கச்சி. சுத்திக்கிட்டே இரிக்கி."

எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையிலிருந்து போனில் பேசியது என் ராத்தா. அவள் புருஷன், என் மச்சான், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். யுத்தம் முடிந்து, கரையில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்ட காலம். மீனவர்களுக்கான காலநிலை அறிவித்தல் பக்கத்தை நடத்தியது கொழும்பில் நான் வேலை பார்த்த கொம்பனி. என் மேசையில் பக்கம் உடனே திறந்தது. கடும் காற்று, கடலுக்குப் போகவேண்டாம் என்று சிவப்பில் கிடந்தது.

"மச்சானப் போக விடாதீங்க ராத்தா!"

"அல்லாஹ்வே! அஸர் தொழுதிட்டு வந்து போனப் பாத்துப் பாத்து நிண்டார். ஒண்டும் வரல்ல. அப்ப ஒண்டுமில்லையாக்கும் எண்டு போட்டக் கடல்ல எறக்கிட்டாரே!"

போனைப் பிடித்தபடியே கரைக்கு ஓடினாள். அவள் கத்துவது எனக்குக் கேட்டது. போட் கூப்பிடு தூரம் தாண்டிவிட்டது. மச்சானின் போனும் வேலை செய்யவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். மனுசன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாலு சேர்வரும் பச்சையாத்தானே இருக்கு? சராசரி லோடும் குறைவு. உங்கட ஊர்ல சிக்னல் இல்லாம இருக்கும், மிஸ்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சராசரிய விடுங்க சேர். ஒவ்வொண்டாக் காட்டுங்க!"

லோட் பேலன்சர் வாசலில் நின்று, வருகிற கோரிக்கைகளை நாலு சேர்வருக்கும் பங்கிட வேண்டும். ஆனால் ஒரே இணைய முகவரியிலிருந்து வருவதெல்லாம் ஒரே சேர்வருக்குப் போகும்படி அதை அமைத்திருந்தார்கள். எங்கள் கரையோரத்துப் போன்களோ டெலிபோன் கொம்பனியின் ஒரே முகவரியால்தான் வெளியே வரும். ஊரே தட்டினாலும் அதற்கு ஒரே ஆள்தான். ஒரு சேர்வர் மூச்சுமுட்டிக் கிடந்தது, மற்ற மூன்றும் சும்மா இருந்தன. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டால் அந்த ஒன்றும் ஓம் என்றது, அதனால்தான் பச்சை.

வேலை குறைந்த சேர்வருக்கு அனுப்பும்படி மாற்றினேன். சற்று நேரத்தில் கரையெல்லாம் பக்கம் திறந்தது. இறங்க நின்ற போட்டுகள் நின்றுவிட்டன.

மச்சானின் போட் மட்டும் திரும்பவில்லை. அவரின் மையத்துதான் பிறகு தலவிலக் கரைப் பக்கம் ஒதுங்கியது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, சராசரியை நம்பாதீர்கள். ஒவ்வொரு சேர்வரையும் தனியாகப் பாருங்கள். பக்கம் திறக்கவில்லை என்று கரையிலிருந்து ஒருத்தி சொன்னால், சிக்னல் என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

புருஷனை இழந்த ராத்தா வீட்டுக்குள்ளேயே இத்தாவில் இருந்தபோது பார்க்கப் போனேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. தலையணைக்குக் கீழிருந்து போனை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"இப்ப தொட்டவொடன தொறக்குது தங்கச்சி" என்றாள்.