மேற்கே ஓடிய காவிரி

போன வாரம் தில்லைநகரில் ஒரு கண்காட்சி. படமும் எழுத்துமாகக் கலைஞர்கள் கையாலேயே செய்த புத்தகங்கள். ஒன்றைத் தொடப் போனேன். "கிளவுஸ் போட்டுக்குங்க மேடம்" என்றாள் அங்கிருந்த பெண். போட்டுக்கொண்டேன். மூக்குக்கு என்ன போடுவது? அச்சு மை வாசனை குப்பென்று ஏறியது. அவ்வளவுதான், நான் பாலக்கரையில் ரெஹானா வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டேன்.

ரெஹானாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவள் டிராயிங், நான் தமிழ். சனிக்கிழமையானால் பொன்மலையிலிருந்து பஸ் பிடித்து அவள் வீட்டுக்கு ஓடிவிடுவேன். அவள் படம், என் எழுத்து, இரண்டும் சேர்ந்து ஒரு புத்தகம். யார் கேட்டார்கள் என்கிறீர்களா? ஒருவரும் கேட்கவில்லை. அவள் அத்தா மட்டும் மாடியேறி வந்து, மை அப்பிய எங்கள் முகங்களைப் பார்த்து, "டீ வேணுமா, மையே போதுமாம்மா?" என்பார்.

புத்தகம் விசிறி மடிப்பு. விரித்தால் காவிரி நீளமாக ஓடவேண்டும்: மேற்கே, இடது கோடியில் முக்கொம்பு; நடுவில் ஸ்ரீரங்கம்; கிழக்கே, வலது கோடியில் கல்லணை. கீழே, அந்தந்த இடத்தில் நாங்கள் அடித்த அரட்டை. தரைக்கு ஒட்டுகிற லினோலியத்தில் செதுக்கி, மை தடவி அச்சிட்டோம். அச்சில் இடவலம் மாறிவிடும் அல்லவா? "எழுத்தத் திருப்பிச் செதுக்குடி" என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாள். எழுத்து அப்பழுக்கில்லாமல் விழுந்தது. ஆற்றைத் திருப்ப மறந்துபோனோம். முக்கொம்பு என்ற எழுத்துக்கு மேலே கல்லணை நின்றது. காவிரி மேற்கே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுவாரம் அவள் ஷார்ஜா கிளம்புகிறாள், கணவரிடம். மறுபடி செதுக்க ஏது நேரம்?

"விடுடி" என்றாள். "ஆறே வந்த வழியா திரும்பிப் போவுது, நான் வர மாட்டனா? வந்து சேந்தே செதுக்குவோம்."

நம்பினேன். அசடு மாதிரி லினோலியம்கூட வாங்கி வைத்தேன். அது பரணில் கிடந்து காய்ந்து நொறுங்கியது.

அத்தா போனபின் வீடு கைமாறியது. மாடி அறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை போர்டு. ரெஹானா வருகிறாள், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது. வந்த சூட்டோடு கிளம்பிவிடுகிறாள். போன தடவை எங்கள் புத்தகத்தை அவள் மடியில் விரித்தேன்.

"இதுல ஒரு தப்புப் பண்ணுனோமே, ஞாபகம் இருக்கா?"

ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஆற்றை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"நல்லாத்தானேடி இருக்கு. என்ன தப்பு?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.