மூன்று நாள் பொறுக்கச் சொன்ன ஐலா

ஐலா கங்காஸைப் போல இன்னொரு பிடிவாதக்காரியை எங்கள் ஏரிக்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். அப்படியே கிடைத்தாலும் அவள் ஐலாவுக்குச் சொந்தக்காரியாகத்தான் இருப்பாள். எங்கள் ஊரான ஆஷ்ரிவரில் அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போன இரும்புக்கடையை அறுபது வயது தாண்டியும் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஆணி, குழாய், பனி வாரும் மண்வெட்டி. பின்பக்கம் வேட்டைத் துப்பாக்கிகள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வந்தவனெல்லாம் கடையப் பாத்துட்டு வந்தான்" என்பாள். மான் வேட்டைக்குப் போனால் குறி பார்ப்பதில் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அவளிடம் பிச்சை வாங்கவேண்டும். துப்பாக்கி என்றால் முகம் சுளிக்கிற பட்டணத்துக்காரி அல்ல அவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊர் அவளை அப்படித்தான் பேசியது.

செப்டம்பரில் ஒருநாள், மரமில்லில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். மரியாதையாகப் பேசினான். சட்டப்படி பார்க்கவேண்டியதையெல்லாம் ஐலா பார்த்தாள், குறை ஒன்றும் இல்லை. "பெரிய கொம்பு மானாப் பாத்து அடி, என்ன?" என்று கேலி செய்து துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். அவனும் சிரித்தான். அன்று மாலையே ஆற்றங்கரையில் அதைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு ஐலாவைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டினாள். துப்பாக்கி வாங்குகிறவர் யாராக இருந்தாலும், பணம் கட்டி மூன்று நாள் கழித்து வந்துதான் எடுத்துப் போகவேண்டும். அவ்வளவுதான். எங்கள் மாநிலத்துச் சட்டம் இதைக் கேட்கவில்லை, ஐலா கேட்டாள்.

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் ரெய்னோ ஹாபாலா வந்தான். ஐலாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவன். பிடித்த துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டினான்.

"மூணு நாள் கழிச்சு வா, ரெய்னோ."

"நாளைக்கு வேட்டை ஆரம்பிக்குதுடி!"

"தெரியும். நானும்தான் போறேன்."

"ஏய், என்னையுமா? என்னை டவுசர் போட்ட காலத்துலேருந்து உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன்னையும்தான். உனக்கு விட்டா அடுத்தவனுக்கு என்னன்னு சொல்லுவேன்?"

ரெய்னோவின் முகம் சிவந்துபோயிற்று. "சட்டமே கேக்கல. என் உரிமைய உன் கல்லாப்பெட்டியில வெச்சுப் பூட்ட நீ யாரு? அந்தப் பலகை இருக்கறவரைக்கும் இந்தக் கடைக்குள்ள கால் வைக்கமாட்டேன். இந்த ஊர்ல ஒருத்தனும் வைக்கமாட்டான்."

சொன்னபடியே செய்தான். சங்கத்தில் எழுந்து பேசினான், ஊர் கையைத் தூக்கி ஆமோதித்தது. ஐலா ஈ ஓட்டினாள், பனிக்காலத்தில் அதற்கும் வழியில்லை. ஓர் ஆணி வேண்டுமென்றாலும் நாற்பது மைல் வண்டி ஓட்டினார்கள். கடைக்கு அடுத்த வீட்டு டெல்பர்ட் ட்ரெவாரோவின் வீட்டில் உறைபனியில் குழாய் வெடித்தது. சமையலறையில் தண்ணீர் ஓட ஓட, பெண்டாட்டியை வாளியோடு நிறுத்திவிட்டு, அவனும் நாற்பது மைல் போனான். அந்தக் குழாய்த் துண்டு ஐலாவின் கடையில் சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, பகை கடையோடு மட்டும்தான். தேவாலயத்தில் அதே பெஞ்சில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். டிசம்பரில் ரெய்னோவின் மனைவி லெம்பி இறந்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஐலா நின்றாள், ரெய்னோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் காலையில் கடையைத் தாண்டிப் போனவன் கண்ணாடிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐலாவுக்குக் கோபம் வரும், கூடவே ஒரு பிரமிப்பும் வரும். பலகையைக் கழற்றிவிட்டால் நாளைக்கே கடை நிறைந்துவிடும். கழற்றாவிட்டால் வசந்தம் வரை கடை தாங்காது. ஒவ்வொரு காலையும் பலகைக்கு எதிரே நிற்பாள். அந்த இளைஞன் சிரித்தது ஞாபகம் வரும். தூசியைத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஜனவரியில் ஏரியிலிருந்து பனிப்புயல் கிளம்பியது. விடாமல் கொட்டி, கடைக்கூரை மேல் ஆள் உயரத்துக்குப் பனி ஏறிவிட்டது. புயல் ஓய்ந்த காலையில் ஐலா கடைக்குள் நின்றுகொண்டிருந்தபோது தலைக்கு மேல் உத்தரம் நெரிகிற சத்தம் கேட்டது. ஏணியைச் சாத்தி மேலே ஏறி வார ஆரம்பித்தாள். ஒரு மூலையைச் சுத்தம் செய்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. கூரை விழுந்தால் எல்லாம் முடிந்தது. பலகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அப்போது கீழே வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியிலிருந்து ரெய்னோ இறங்கினான்.

"கீழ எறங்குடி! இந்த வயசுல கூரை மேல டான்ஸா?"

"உங்களை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிட்டா வந்திருக்கமாட்டோம்."

சங்கமே வந்திருந்தது. வரிசையாக ஏணி சாத்தி ஏறினார்கள். மாவுக்குள் மான் இறைச்சி, உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பேஸ்டி கொண்டுவர ஐலா வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது ரெய்னோவின் மண்வெட்டிக் காம்பு உடைந்து கிடந்தது.

"உள்ள வரிசையா இருக்கு பாரு, ஒண்ணு எடுத்துக்க. காசு வேண்டாம்."

"உன் கடை மண்வெட்டியத் தொடமாட்டேன்."

"அப்ப என்னோடது, வீட்டுலேருந்து..."

"அது எந்தக் கடையிலேருந்து வந்துச்சாம்?"

மேலே நின்ற டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். ரெய்னோ தன் வண்டியில் துழாவி, ரொட்டி சுடுகிற அகலமான தகரத்தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். அதை வைத்தே வாரினான். லெம்பியின் தட்டு அது. ஐலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. "தூக்கிப் போடலாம்னு எடுத்துட்டு வந்தேன், மனசு வரல" என்று அவனே மேலிருந்து சொன்னான்.

மதியத்துக்குள் கூரை சுத்தம். கடையில் போட்ட காபியை ஒருவரும் தொடவில்லை, அவரவர் பிளாஸ்க்கைத் திறந்தார்கள். பேஸ்டியைப் பார்த்துத்தான் தயங்கினார்கள்.

"கறி ஏது?" என்றான் டெல்பர்ட்.

"நானே சுட்டது."

"இதுல போட்ட உப்பு? கடை உப்பா?"

"என் கடையில ரோட்டுக்குப் போடற உப்புதான் இருக்கு. அத உங்களுக்குப் போட்டா வீணாப் போயிரும்."

சாப்பிட்டார்கள். தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. யாரும் நன்றி சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நாளைக்கு இவர்களில் ஒருவரும் கடைப்பக்கம் வரமாட்டார்கள் என்று ஐலாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று இருந்தது அவளுக்கு.

ரெய்னோவின் வண்டி மட்டும் கிளம்பவில்லை. பின்வாசலில் வந்து, படிக்கு வெளியே, பனியில் நின்றான். இரண்டு கைகளிலும் நீளமான தோல் உறைகளில் துப்பாக்கிகள்.

"இதப் புடி."

"என்ன, விக்கிறியா?"

"விக்கல. எல்லாம் என்னோடதுதான். கொஞ்ச நாளைக்கு உன்கிட்ட இருக்கட்டும்."

ஐலா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாலு மணிக்கே இருட்டிருது ஐலா. வீட்டுல சத்தமே இல்ல. அலமாரியத் தாண்டிப் போறப்பல்லாம் அது என்னையே பாக்குது."

"எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நானே வந்து கேக்கறவரைக்கும். நீ கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டேன், அதையும் தெரிஞ்சுக்க. யாரு கேட்டாலும் குடுக்கமாட்டேன். இது நானாக் குடுக்கறது."

"தெரியும்டா."

"கடை விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்."

"பலகையும் மாட்டினது மாட்டினதுதான்."

அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தவள் ஐலா. ஒருவன் தன் உயிரையே மூட்டை கட்டிக் கொண்டுவந்து கையில் வைப்பதை அவள் பார்த்ததில்லை. உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டினாள். ஊரே ஒதுக்கிவைத்த கடை இது, ஒதுக்கச் சொன்னவனே இவன். ஆனாலும் போக்கிடம் என்று அவன் கால்கள் வந்து நின்றது இந்த வாசலில்தான்.

வெளியே வந்தபோது ரெய்னோ வண்டியில் ஏறியிருந்தான். ஐலா கோட்டை மாட்டிக்கொண்டு, வெயில் இருக்கும்போதே கடையைச் சாத்தினாள். அவன் வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"எங்க?" என்றான் அவன்.

"உன் வீட்டுக்கு. நீ கடைக்குள்ளதானே வரமாட்ட? நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன்னு யாருகிட்டயும் சொல்லலியே."