வடிகட்டியில் நின்றது

குடுவையை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, "எந்திரிங்கடி, விடிஞ்சிடுச்சு" என்கிறாள் அமீபா அக்கா. அடியில் ஒட்டிக் கிடந்த அமீபாக்கள் கழன்று மிதக்கின்றன. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எண்ணத் தொடங்குகிறாள். ஆய்வகத்தில் இருபது வருஷமாக இவற்றை வளர்ப்பவள் அவள்தான். விடுப்பு எடுக்கச் சொன்னால் மூஞ்சி சுருங்கிவிடும். "நான் போயிட்டா இதுங்களை யாரு பாப்பா?"

அமீபாக்கள் கொழுகொழுவென்று இருந்தால் முன்பெல்லாம் பூரித்துப்போவாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குடுவை மட்டும் செத்துத் தொலையாதா என்று பார்க்கிறாள்.

காரணம் அவள் தங்கை. அதே ஆய்வகத்தில் ராட்சத வைரஸ்களை ஆராய்ந்தவள். அந்த வைரஸ் அமீபாவுக்குள் புகுந்து பெருகி, கடைசியில் அதைக் கொன்றுவிடும். புகுந்த இடத்து மரபணுக்களில் சிலதைச் சுருட்டித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அப்படியே தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டு போகும். ஒரு குட்டைத் தண்ணீரில் அப்படி ஒன்றைப் பிடித்தாள் தங்கை. "இதுல ஒரு மரபணு பாசிகிட்ட சுட்டது, ஒண்ணு அமீபாகிட்ட சுட்டது. மூணாவது யாருதுன்னே தெரியலக்கா. நான் வந்து கண்டுபிடிக்கிறேன், பாட்டிலைப் பத்திரமா வெச்சிரு." ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது அந்த ஒரே பாட்டில்.

எல்லாம் முடிந்து அக்கா வேலைக்கு வந்த அன்று, பாட்டிலில் லேசாகப் பூசணம். பதறிப்போய், வைரஸ் தண்ணீருக்கு எப்போதும் செய்வதுபோல மெல்லிய வடிகட்டியில் வடித்து வேறு பாட்டிலில் பிடித்தாள். பூசணமும் பாக்டீரியாவும் மேலே நிற்கும், வைரஸ் இறங்கிவிடும். கை பழகிய வேலை. வடிகட்டியையும் பழைய பாட்டிலையும் ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் அவித்த பிறகுதான் உறைத்தது. இந்த வைரஸ் பாக்டீரியா அளவுக்குப் பெரியது. அது கீழே இறங்கியே இருக்காது.

"என் கையாலயே அவிச்சிட்டேனே" என்று இன்றைக்கும் சொல்லும்போதெல்லாம் அழுகிறாள். மறுபடி எடுத்துவரலாமென்றால், அந்தக் குட்டையை மண் கொட்டி மூடிக் கட்டடம் எழுப்பியாயிற்று.

ஒன்றாவது தப்பி இறங்கியிருக்காதா என்று, வடித்த தண்ணீரில் வாராவாரம் கொஞ்சம் எடுத்து ஒரு குடுவையில் விடுகிறாள். அமீபாக்கள் ஒரு குறையுமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. "விட்டுடுங்கம்மா, அது போயிடுச்சு" என்கிறார் பேராசிரியர்.

"ஒண்ணே ஒண்ணு போதும் சார்."

இந்த வெள்ளிக்கிழமை கடைசிச் சொட்டும் குடுவைக்குள் போய்விட்டது. காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டு, மூடி, நாலா பக்கமும் படும்படி அலசினாள். அந்தக் கழுவிய தண்ணீரையும் குடுவையில் ஊற்றினாள்.