தாஞ்சோவுக்கு ஒட்டிய அஞ்சலித் தாள்

"இந்த தாஞ்சோ வெல்கோவ் உனக்கு என்ன உறவு?"

பேருந்து நிறுத்தத்தில் கிச்கா அத்தை தெமெனுகாவிடம் இப்படித்தான் கேட்டாள். தாஞ்சோ அவளுக்கு உறவில்லை. அந்நியன் என்றும் சொல்ல முடியாது. மூன்று வருடமாக அவள் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் வரும் படகோட்டி அவன். போன வாரம்தான், பத்தொன்பதாம் அத்தியாயத்தில், அவனைச் சாகடித்திருந்தாள். அவன் செத்துப்போனதைச் சொல்லும் தாள் இப்போது நிறுத்தத்தின் கண்ணாடியில் கறுப்புக் கரையோடு, பசை ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் அவள்தான்.

டான்யூப் கரையில், எதிர்ப்பக்கம் ருமேனியாவின் விளக்குகள் தெரியும் எங்கள் ஊரில், பென்கா அக்காவின் நகலகத்தில் தெமெனுகாவுக்கு வேலை. பள்ளிக் குறிப்புகளும் அடையாள அட்டைகளும் நகலெடுக்க ஆட்கள் வருவார்கள். ஆனால் பாதி வேலைக்கு மேல் அஞ்சலித் தாள்தான். ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக் கதவில், தேவாலயச் சுவரில், வேலை பார்த்த இடத்தில், பேருந்து நிறுத்தத்தில் தாள் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் மறுபடியும். பிறகு ஆறாம் மாதம், அதன்பின் வருடா வருடம். புகைப்படத்தை நேராக்கி, கரை கட்டி, "கனத்த மனதோடு" என்று தொடங்கும் வரிகளை அமைப்பது தெமெனுகா. எங்கள் ஊரில் அதிகம் பேர் படித்த எழுத்து அவளுடையதுதான். யாரும் அதை எழுத்தென்று கணக்கில் எடுத்ததில்லை, அவளும்கூட.

அவள் நாவலின் பெயர் 'மறுகரை'. வசந்தத்தில் தலைநகர் சோஃபியாவிலுள்ள ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். பதில் மூன்றே வரி. "உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் இரண்டாயிரம் பேர் சேரட்டும். பிறகு பிரதியை அனுப்புங்கள். செப்டம்பர் முடியும்வரை காத்திருப்போம்."

அவள் பக்கத்தில் அப்போது அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அதில் பதினொரு பேர் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

அவள் செய்யாதது ஒன்றுமில்லை. மடிக்கணினி பக்கத்தில் காபிக் கோப்பையை வைத்துப் படம் போட்டாள். "இன்று எண்ணூறு சொற்கள்" என்று அறிவித்தாள். தலை சீவிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை வாசித்துக் காணொளி போட்டாள். "என் நாவலின் கெட்டவனுக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று வாசகர்களைக் கேட்டாள். இரண்டு பதில் வந்தது. ஒன்று அம்மாவிடமிருந்து: "மத்தியானம் சாப்பிட்டியா?" பூனை படத்துக்குத் தொண்ணூற்று நான்கு லைக் விழுந்தது. அடுத்த நாள் போட்ட அத்தியாயத்துக்கு ஆறு.

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். தெமெனுகாவுக்கு அழுகையைவிடக் குடைச்சல்தான் அதிகம். மனிதர்கள் எதைப் பார்த்தால் நிற்கிறார்கள்? கடைக் கண்ணாடி வழியாக எதிரே உள்ள நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைபேசியில் மூன்று வரி தாண்டாதவர்கள் அஞ்சலித் தாளுக்கு முன்னால் நின்று கடைசி வரிவரை படித்தார்கள். வயதைப் பார்த்துத் தங்கள் வயதோடு ஒப்பிட்டார்கள். முகம் தெரியாத ஆளாக இருந்தாலும் படித்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தாஞ்சோவுக்கு ஒரு தாள் அடித்து, நிறுத்தத்தில் ஒட்டி, படம் எடுத்து, பக்கத்தில் போட்டுவிட்டு, உடனே கிழித்துவிடுவது.

மதிய இடைவேளையில் அடித்தாள். புகைப்படத்துக்குப் பதில் மெழுகுவர்த்திப் படம். "தாஞ்சோ வெல்கோவ், வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் ஆட்களை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோனவர். எந்தக் கரையிலும் தனக்கென்று வீடு கட்டிக்கொள்ளாதவர். விடைகொடுப்பு: வெள்ளி மாலை ஆறு மணி, பழைய படகுத்துறை." அந்த நேரத்தில்தான் அத்தியாயத்தை வெளியிட நினைத்திருந்தாள். கதையில் விடைகொடுப்பு நடப்பதும் படகுத்துறையில்தான்.

ஒன்றை மட்டும் அவள் சரியாக யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் அஞ்சலித் தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். மழை கரைக்கலாம், வெயில் சுருட்டலாம், அடுத்துச் சாகிறவரின் தாள் மேலே ஏறலாம். மனிதக் கை படக்கூடாது. படம் எடுத்து முடித்து, தாளின் மூலையில் நகத்தை வைத்தபோதுதான் கிச்கா அத்தை ஊன்றுகோலோடு வந்து நின்றாள். எண்பது தாண்டியவள், ஊரில் ஒட்டும் ஒரு தாளையும் விடாதவள். முழுக்கப் படித்தாள். சிலுவைக்குறி போட்டாள்.

"கடவுள் அவன மன்னிக்கட்டும். ஒண்டிக்கட்டையா?"

"ஆமா அத்தை."

அதன்பிறகுதான் உறவு என்ன என்று கேட்டாள். தெமெனுகா தடுமாறினாள். "தெரிஞ்சவர்... ரொம்ப நாளாத் தெரியும்."

"அழுதியா?"

அந்த அத்தியாயத்தை எழுதும்போது உண்மையாகவே அழுதிருந்தாள். "ம்."

"அப்போ சொந்தந்தான்" என்றாள் கிச்கா. பேருந்து வரும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. தெமெனுகாவின் கை கீழே இறங்கிவிட்டது.

பக்கத்தில் போட்ட படத்துக்குக் கீழே "அத்தியாயம் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை" என்று எழுதத்தான் செய்தாள். படத்தைப் பார்த்தவர்கள் அதற்குக் கீழே போகவில்லை. யாரோ அதை ஊர்க் குழுவில் பகிர்ந்து, "யாருமில்லாத மனுஷன். தனியா அனுப்பிவிட வேண்டாம்" என்று சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த நாள் டாக்சி ஓட்டும் ராங்கெல் ஏதோ நகலெடுக்கக் கடைக்கு வந்தார்.

"அந்தப் படகுக்காரர் போய்ட்டாராமே! என்னை ஒரு தடவை டிக்கெட் இல்லாம ஏத்திட்டுப் போனாரும்மா. நல்ல மனுஷன்."

தெமெனுகா எழுந்தே நின்றுவிட்டாள். "எப்போ அண்ணே? பார்க்க எப்படி இருப்பாரு?"

"மூக்கு நல்லாப் பெருசா இருக்கும். வாயத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

அவளுடைய தாஞ்சோ ஓயாமல் பேசுகிறவன். மூக்கு சின்னது. "இல்லையே" என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, பெரிய மூக்கை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். மாலையில் வந்த ஒரு பெண், தாஞ்சோ தன் கல்யாணத்தில் ஆடினார் என்றாள். அதையும் குறித்துக்கொண்டாள். இல்லாத ஒருவனை இத்தனை பேர் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தீராத வியப்பு. பயப்படுவதற்குக்கூட நேரம் இல்லை.

வியாழன் மதியம் பக்கத்தைத் திறந்தாள். இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேர்.

பதிப்பகத்துக்கு எழுத ஆரம்பித்தாள். "நீங்கள் கேட்ட எண்ணிக்கை" என்பது வரை தட்டியபோது பின்னால் பென்கா அக்காவின் குரல் கேட்டது.

"நான் தாள் அடிக்காத சாவு இந்த ஊர்ல ஏதுடி?"

தெமெனுகா தட்டுவதை நிறுத்தினாள்.

"அந்தத் தாஞ்சோ உன் புத்தகத்து ஆளுதானே? போன மாசம் நீதான் எனக்குப் படிச்சுக் காட்டினே. நாய் வெச்சிருப்பான்."

"ஆமா அக்கா."

"சொல்லிடு."

"சொன்னா எல்லாரும் போயிடுவாங்க அக்கா. செப்டம்பர் முடிய ஒம்போது நாள்தான் இருக்கு. இன்னொரு தடவை இப்படி வராது."

"போறவங்க போகட்டும். அங்க கிச்கா கோதுமையை ஊறப் போட்டுட்டா, தெரியுமா? பல்லில்லாத கிழவி உட்கார்ந்து வால்நட் உடைக்கிறா, உன் ஆளுக்குத் திவசம் பண்ண."

தெமெனுகா கடிதத்தை அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. வெள்ளி மாலை ஐந்தே முக்காலுக்கு அத்தியாயத்தின் அச்சுப்படியைப் பையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள்.

இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை; இது இறந்தவர்களுக்குரிய இரட்டைப்படைக் கணக்கில் பூ. ஆளுக்கு இரண்டு, நான்கு. கிச்கா அத்தை மடக்கு நாற்காலியில், மடியில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவித்த கோதுமை, மேலே சர்க்கரையும் வால்நட்டும். எல்லோரும் சவப்பெட்டியும் பாதிரியாரும் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணி அடித்தது. தெமெனுகா முன்னால் போய் நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. தாஞ்சோன்னு ஒருத்தர் இல்ல. நான் எழுதற நாவல்ல வர்ற ஆள் அவர். தாளை ஒட்டினது நான்தான். என் பக்கத்துக்கு ஆள் சேர்க்க ஒட்டினேன். கிழிச்சிருக்கணும், முடியல."

கையிலிருந்த கொத்தோடு ராங்கெல் முன்னால் வந்தார்.

"அவர் இல்லன்னா என்னைக் கூட்டிட்டுப் போனது யாரு?" என்றார்.

கூட்டத்திலிருந்து ஸ்தாங்கா சிரித்தாள். படகு ஓடிய காலத்தில் சீட்டுக் கிழித்தவள் அவள். "பெரிய மூக்கு, பேச மாட்டாரு, அதானே? அது நம்ம படகுக்காரர் மெதோடிதான்! அவர் எங்க செத்தாரு? ஸ்பெயின்ல பொண்ணு வீட்டுல இருக்காரு. ஞாயித்துக்கிழமைகூட என்னோட போன்ல பேசினாரு."

"அடக் கடவுளே! உயிரோட இருக்கறவருக்கா நான் நாலு பூ வாங்கினேன்?" ராங்கெல் பதறிப்போய்க் கொத்திலிருந்து ஒன்றை உருவி ஆற்றில் எறிந்தார். மிஞ்சிய மூன்றை, எங்கே வைப்பதென்று தெரியாமல், ஸ்தாங்காவிடம் நீட்டினார்.

சிலர் சிரித்தார்கள். எல்லோரும் அல்ல. கறுப்புத் துணி போட்டு வந்திருந்த ஒரு பெண், "எங்க வீட்டுக்காரர் தாள் அந்த நிறுத்தத்துலதான் இருக்கு. அது பக்கத்துல உன் விளம்பரமா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணோடு சேர்ந்து பத்துப் பேர் போய்விட்டார்கள்.

மீதிப் பேரும் கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் கிச்கா அத்தையைப் பார்த்தார்கள். அவள் கிண்ணத்தைத் திறந்தாள்.

"அவிச்ச கோதுமைய வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது. என்னடி நிக்கறே? எப்படிச் செத்தான்னு சொல்லு. கேட்டுட்டுச் சாப்பிடறோம்."

தெமெனுகா வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஸ்தாங்கா கையை உயர்த்தினாள். "நில்லு, நில்லு. கரைக்கு வந்ததும் பின்கயித்தையா முதல்ல கட்டுவாங்க? முன்கயிறு கட்டாம விட்டா படகு திரும்பிடும்."

"வாய மூடு, அவன் செத்துட்டிருக்கான்" என்றாள் கிச்கா.

அன்று மாலையே தெமெனுகா நடந்ததை எல்லாம் தன் பக்கத்தில் எழுதினாள். அந்தக் கறுப்புத் துணிப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டாள். திங்கட்கிழமை அறுநூற்று நாற்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். அந்த எண்ணிக்கையையே பதிப்பகத்துக்கு எழுதினாள். "போதாது. வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்று சொன்னாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை கிச்கா அத்தை கடைக்குள் வந்து, நகலெடுக்க எதையும் நீட்டாமல், "அந்த நாயை இப்போ யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள். இருபதாம் அத்தியாயம் அந்த வெள்ளிக்கிழமை படகுத்துறையில் வாசிக்கப்பட்டது. பன்னிரண்டு பேரும் ஸ்தாங்காவும் கேட்டார்கள். கயிறு இந்தத் தடவை சரியாகக் கட்டப்பட்டிருந்தது. 'மறுகரை' இன்னும் புத்தகமாகவில்லை. வாரம் ஒரு அத்தியாயமாக அவள் பக்கத்தில் வருகிறது.

இதைப் படித்து முடித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள், அவர்களையும் வேறொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். தெமெனுகாவுக்கு ஒரு வாசகர் கூடினாலும் நல்லதுதான். ஒன்றே ஒன்று: தாஞ்சோ கற்பனை ஆள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாவம், யாராவது போய்ப் பூ வாங்கிவிடப் போகிறார்கள்.