எந்த பேங்க் கார்னர்?

போன வாரம் வேங்கிக்காலில் ஆட்டோ ஏறி, "பேங்க் கார்னர்ல இறக்கி விட்டுடுங்க" என்றேன். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பவே இல்லை. திரும்பிப் பார்த்து, "எந்த பேங்க் கார்னருங்க?" என்றார்.

"நாலு ரோடு கூடற எடத்துல இருக்குதே, அதாங்க."

"அங்க நாலு மூலையிலயும் பேங்க்குதாங்க. கலரு சொல்லுங்க, போதும்."

நீலம் என்றேன். வெளிர் நீலமா, கருநீலமா என்று கேட்டார். புடவைக் கடையில்கூட என்னை யாரும் இவ்வளவு பொறுமையாக விசாரித்ததில்லை. கடைசியில், "முன்னாடி காபித்தூள் கடை இருந்துச்சே, அந்த எடம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இவ்வளவு சின்ன வயதுக்காரருக்கு அது எப்படித் தெரியும் என்று உறைத்தது. அவருக்குத் தெரியவும் இல்லை. கருநீலத்தில் இறக்கிவிட்டுப் போனார். அது தப்பான நீலம். வெயிலில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துகொண்டே பழசையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் தெருமூலை என்றால் ஒரு காலத்தில் பிள்ளையாருக்குத்தான். அவரை விட்டால் நல்ல வியாபாரம் ஓடுகிற கடைக்காரருக்கு. இப்போது அந்த இடத்தையெல்லாம் வங்கிகள் பிடித்துக்கொண்டன. பிள்ளையாருக்கு இரண்டாவது சனிக்கிழமை லீவு கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இன்று ஒரு லிங்கத்துக்கும் அடுத்த லிங்கத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு ஏடிஎம்மாவது இருக்கும் போலிருக்கிறது. கிரிவலம் வந்து களைத்தவர்கள் கார்டே இல்லாமல் அந்தக் கண்ணாடி அறைக்குள் புகுந்து, ஏசிக் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி வெளியே வருவதை அடி அண்ணாமலை வரைக்கும் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் இத்தனை வங்கி வந்ததில் ஜனங்களுக்குக் கைமேல் கிடைத்த பலன் அதுதான் என்பது என் எண்ணம்.

எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. வளையல் கடைக்கு மூலை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். போகிறவள் கண்ணில் பட்டால்தான் வளையல் விற்கும். ஆனால் ரோட்டில் போகிற யாராவது ஒரு வங்கியைப் பார்த்து, "அடடா, எவ்வளவு அழகாக இருக்கிறது, உள்ளே போய் ஒரு கணக்கு ஆரம்பித்துவிட்டு வரலாம்" என்று செருப்பைக் கழற்றியிருக்கிறார்களா? பார்க்க வேண்டிய கடைகளெல்லாம் சந்துக்குள் போய்விட்டன. சாயங்காலமானால் ஷட்டரை இழுத்து மூடுகிற வங்கி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கட்டட ஓனர்களுக்கு மட்டும் இதில் பரம சந்தோஷம். கல்யாண வீட்டில் ஓர் ஓனர் என் காதுபட, "நமக்கு ரெண்டுங்க. பெரிசு அரசாங்க பேங்க்கு, சின்னது பிரைவேட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் மாப்பிள்ளைகளைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ரொம்பத்தான் நொட்டை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அந்த வாடகைப் பத்திரங்களில் பாதியை டைப் அடித்தவளே நான்தான். பத்திர ஆபீஸ் எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் சில வருஷம் வேலை பார்த்தேன். ஊரே அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடும். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். 'வங்கி' என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை 'வாங்கி' என்று அடித்துவிட்டேன். ரைட்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அர்த்தம் சரியாத்தாம்மா இருக்குது. ஆனா ரிஜிஸ்ட்ரார் ஒத்துக்கமாட்டாரு" என்றார்.

பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். அந்த இடத்துக்கு நாலு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பாத்திரக் கடைக்கு வடக்கு, ஊதுவத்திக் கடைக்குக் கிழக்கு" என்று அடிப்பேன். அடிக்கும்போதே மூக்கில் வாசனை ஏறும். போகப் போக, "வங்கிக்குத் தெற்கு, வங்கிக்கு மேற்கு, மேற்படி வங்கியின் ஏடிஎம்முக்குக் கிழக்கு" என்று ஆகிவிட்டது. ரைட்டரே நடுவில் குழம்பிப்போய், "ஏம்மா, இப்ப நாம எந்த பேங்க்ல நிக்கிறோம்?" என்று கேட்பார்.

ஒரு பத்திரமும் படிக்காமல் இந்த ஊரின் செக்குபந்தி முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் என் அம்மா. கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்ததால், சனிக்கிழமையில் மஞ்சப்பை நிறைய மல்லாட்டையோ (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) கீரையோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். தனியாகத்தான் வருவாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும்போது உரக்கடை நாற்றம் அடித்தால் திரும்ப வேண்டும். பாத்திரக் கடையில் தட்டுகிற சத்தம் கேட்டால் நேராக நடக்க வேண்டும். ஊதுவத்தி மணம் வந்தால் ரோட்டைத் தாண்ட வேண்டும். காபிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தால் அங்கே நிற்க வேண்டும், நான் வந்து கூட்டிப்போவேன். யாரிடமும் அவள் வழி கேட்டதில்லை.

உரக்கடை இருந்த இடத்தில் முதல் வங்கி வந்தபோது அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நாத்தம் போச்சு, நல்லதுதான். நான் தையக்கட மிஷின் சத்தத்த வெச்சுத் திரும்பிக்கினேன்" என்றாள்.

காபித்தூள் கடைக்காரர் பெயர் மாசிலாமணி. வேடிக்கை என்னவென்றால், அம்மா காபியே குடிக்கமாட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கியதில்லை. அவளைப் பார்த்ததும் மாசிலாமணி அண்ணன் ஒரு ஸ்டூலைத் தள்ளிப்போடுவார்.

"இன்னாம்மா, இன்னைக்காவது நூறு கிராம் வாங்குவியா?"

"வாங்கி இன்னா பண்றது? வாசனதான் சும்மாவே வருதே."

"அப்ப மூச்ச மெதுவா இழு. மத்தவங்களுக்கும் வேணும்."

நான் போய்ச் சேரும்வரை இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். போகும்போது அம்மா ஒரு கை மல்லாட்டையைக் கல்லா மேல் வைத்துவிட்டு வருவாள்.

ஒருநாள் ரைட்டர் ஒரு வாடகைப் பத்திரத்துக்கு வாசகம் சொல்லிக்கொண்டே வந்தார். "தற்போது காபித்தூள் வியாபாரம் நடைபெற்று வருவதும்..." என்றதும் என் கை நின்றுவிட்டது. கட்டட ஓனர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "மாசிலாமணி அண்ணன் எங்க போவாருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சந்துக்குள்ள ஒரு எடம் பாத்திருக்காரும்மா. அவருக்கென்ன, வாசனதானே, எங்கிருந்தாலும் வரும். பேங்க்குக்கு அப்படி முடியுமா? கண்ணுல படற எடத்துல இருந்தாத்தானே" என்றார் ஓனர்.

நான் மீதியை அடித்து முடித்தேன். அன்றைக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. ரைட்டர் பாராட்டினார்.

அப்போது மல்லாட்டை பிடுங்குகிற சமயம், அம்மா இரண்டு மூன்று மாதம் டவுன் பக்கமே வரவில்லை. அதற்குள் கடை காலியாகி, மூலை முழுக்கக் கண்ணாடி ஏறிவிட்டது. நடுவில் நான் இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எம்பொண்ணு மிஷின்ல எழுதுவா" என்று தெரு முழுக்கப் பெருமை அடிக்கிறவளிடம், மிஷினில் என்ன எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசாட்சி இருந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். பேச்சை வளர்க்கச் சோம்பல், கொஞ்சம் பயம். பக்கத்து வீட்டுப் போனில் அம்மா கூப்பிட்டு, "சனிக்கிழம வர்றேன்டி, அதே எடத்துலயே நிக்கிறேன்" என்றபோதும் சரி என்று வைத்துவிட்டேன். முன்னாலேயே போய் நின்றுகொண்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்கு.

சனிக்கிழமை பார்த்து ரைட்டர் ஓர் அவசரப் பத்திரத்தை நீட்டினார். அதுவும் ஒரு வங்கிக்குத்தான், வேறு யாருக்கு? நான் மூலைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். சனிக்கிழமை அரை நாள்தான், வங்கி மூடியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். மஞ்சப்பையோடு ஓர் அம்மா வந்தார்களா என்று கேட்டேன்.

"மூணு தபா வந்தாங்க. காபிக் கடை எங்கனு கேட்டாங்க. நான் ஊருக்குப் புதுசுங்க, எனக்கென்ன தெரியும்? இங்க நிக்கக் கூடாதுனு சொன்னேன், போயிட்டாங்க."

அதன் பிறகு ஊரெல்லாம் ஓடினேன். தேரடி, கோபுர வாசல், பூக்கடை வரிசை, பஸ் ஸ்டாண்ட். பார்க்கிற மஞ்சப்பையெல்லாம் அம்மாவாகத் தெரிந்தது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கண்ணாடிக் கதவு என்னையே எனக்குக் காட்டியது, தலை கலைந்து, அழுத மூஞ்சியோடு. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்தபோதுதான் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். "உங்கம்மா அப்பவே வந்துட்டாங்களே" என்றார்கள்.

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். அம்மா முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஊதுவத்திக் கடையத் தாண்டி வந்தேன்டி. காப்பிக்கொட்ட வாசனையே வரல. மூலையில ஒரு போட்டோ ஸ்டூடியோ கீது. கண்ணாடியில ஒரு குடும்பமே பல்லக் காட்டிக்கினு நிக்குது. நம்ம மூலையில ஸ்டூடியோ ஏது? தெரு மாறிட்டேன்னு திரும்பிப் போயி மறுபடியும் வந்தேன். மூணு தபாவும் அதே குடும்பம்."

வங்கி விளம்பரத்தில் வீட்டுக்கடன் வாங்கிய மகிழ்ச்சியில் சிரிக்கிற அந்த நாலு பேரைத்தான் சொல்கிறாள் என்று புரிந்ததும், எனக்கு இருந்த பதற்றத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரிக்காத. மூக்கு செத்துப்போச்சானு பயந்துட்டேன். கைய மோந்து பாத்தேன், மல்லாட்ட வாசன வந்துச்சு. அப்ப மூக்கு நல்லாத்தான் கீது, மூளதான் போயிடுச்சுனு நெனச்சேன். பைத்தியம் புடிச்சு ரோட்டுல நிக்கிறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடணும்னு வந்துட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்கு ஒண்ணும் ஆகலம்மா. கடைய எடுத்துட்டாங்க. அது பேங்க்கு. அதுக்குப் பத்திரம் அடிச்சதே நான்தான்" என்றேன்.

அவள் இன்னும் இரண்டு காயை உரித்து முறத்தில் போட்டாள்.

"எழுதினது தப்பில்லடி, அது உன் வேல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வுட்டியே."

மாசிலாமணி அண்ணன் சந்துக்குள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். ஓனர் சொன்னதுபோல வாசனை வந்ததோ என்னவோ, ஆட்கள் வரவில்லை. பிறகு மகன் வீட்டோடு போய்விட்டார். பாத்திரக் கடையும் ஊதுவத்திக் கடையும் அடுத்தடுத்துக் கண்ணாடி ஆயின. அவற்றில் ஒன்றின் பத்திரமும் என் கையால்தான் போனது. அந்தத் தடவை மட்டும் மறக்காமல் அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். ஏனென்றால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் தனியாக டவுனுக்கு வந்ததே இல்லை.

இப்போது வேங்கிக்காலில் என்னோடுதான் இருக்கிறாள். கோயிலுக்குக் கூட்டிப்போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒவ்வொரு மூலையிலும் நின்று, "இதுல இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்பாள். பேங்க்கும்மா என்பேன். போன மாதம் பழைய பழக்கத்தில் ஒரு பூக்காரம்மா அடையாளம் கண்டுகொண்டு, "இன்னாக்கா, முன்னெல்லாம் தனியாவே வருவியே?" என்று கேட்டார். அம்மா என் கையை விடாமல், "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதேம்மா" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை.