பாதி வெட்டிய தலையும் ஆற்றுப் பாதையும்

ஏதாவது ஒரு கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போயிருப்பீர்கள். பிரபு படுத்த கட்டிலைப் பார்த்து வாய் பிளந்திருப்பீர்கள். அந்தக் கட்டில் விரிப்பைத் துவைத்தவர் யார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்கத் தோன்றாதபடிதான் அங்கே பலகைகளை எழுதி வைக்கிறார்கள். பிரான்சில் துரோன் ஆற்றங்கரையில் மொந்த்ரெல் என்ற ஊரில் அப்படி ஒரு பலகை இருக்கிறது. கோட்டைச் சுவரை ஒட்டி ஆற்றுக்கு இறங்கும் ஊர்ப்பாதை, ஓட்டுக் கூரை போட்ட சலவைத் துறையில் போய் முடியும். அங்கே தூணில் அதை அறைந்திருக்கிறார்கள். வெள்ளைச் சீமாட்டி ஒருத்தியின் ஆவி வந்து அழுமாம். கல்லில் இருக்கும் செந்நிறக் கறை அவள் கண்ணீராம். அங்கே கசியும் ஊற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அது துருவாகப் படிகிறது, அவ்வளவுதான். இல்லாத பேய்க்கு ஒரு பலகை. அதே கல்லில் ஆயுளில் பாதியைத் துவைத்துக் கழித்த தெனிஸ் லகோம்புக்கு ஒரு வரி கிடையாது.

தெனிஸ், வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் மண்டியிட்டு, ஜனவரியில் தண்ணீரின் மேல் உறைந்த பனியைத் துவைகட்டையால் உடைத்து, கோட்டையின் விரிப்புகளை அலசியவள். சாம்பல் காரம் அவள் விரல்களைத் தின்றுவிட்டது. மகள் மிரேயின் சட்டைக்குப் பொத்தான் தைக்கக்கூட அவை மடங்காது. பொத்தான் இல்லாமல் பள்ளிக்கு வந்த குழந்தையைப் பார்த்து, "உங்கம்மா சோம்பேறியா?" என்று கேட்டாள் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. மிரேய்க்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

மிரேய் முடிதிருத்துகிறவள். மேயர் அலுவலகத்துக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்ட கடை. கணவன் லாரி ஓட்டப் போனான், போன இடத்திலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அழுதாளோ இல்லையோ, அதற்காகக் கடையை ஒரு நாள்கூட மூடவில்லை. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. அன்று ஊர்ப்பாதையில் இறங்கி, கோடையில் ஆற்றில் நீந்துவாள். மற்ற மாதங்களில் துறைக் கல்லில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் தின்றுவிட்டு வருவாள்.

அந்தப் பாதைக்குத்தான் வந்தது கேடு. பாரீஸிலிருந்து வந்து கோட்டையை வாங்கிய வானியே, ஒரு வசந்தகாலக் காலையில் பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டி, 'தனியார் இடம்' என்று எழுதி மாட்டினார். பாதை அவருடையது அல்ல, ஊருடையது. ஆனால் அங்கே சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு: மக்கள் நடக்கிற வரைதான் ஊர்ப்பாதை பொதுப்பாதை. யாரும் நடப்பதில்லை என்று காட்டிவிட்டால், விசாரணை நடத்தி ஊர் மன்றம் அதை விற்றுவிடலாம். முதலில் சங்கிலியைக் கட்டு, ஜனம் பயந்து நிற்கட்டும், முள் வளரட்டும், பிறகு, "பாருங்கள், யாருமே நடப்பதில்லை" என்று சொல்லி விலை பேசு! திருட்டுக்குப் பட்டயம் வாங்குவது இப்படித்தான்.

மிரேய் திங்கள்தோறும் சங்கிலியைத் தாண்டி நடந்தாள். முள்ளை வெட்ட அரிவாளும் கொண்டு போனாள். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யோலாந்த் மட்டும் கூடவே போனாள்.

"ஏண்டி மிரேய், என் முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. இந்தச் சங்கிலியைத் தாண்ட வைக்கிறியே, நான் என்ன ஒலிம்பிக்குக்கா போறேன்?"

"வீட்டுல உக்காந்து முட்டியைப் பத்திரமா வச்சு என்ன பண்ணப் போற? அதையும் மியூசியத்துல வைக்கவா?"

மற்றவர்கள் கடையில் முடி வெட்டிக்கொள்ளும்போது வானியேயை வாய் ஓயாமல் திட்டினார்கள். நடக்க மட்டும் வரவில்லை. கோபத்தை நாற்காலியிலேயே உதிர்த்துவிட்டுப் போனார்கள். மிரேய் அதை முடியோடு சேர்த்துக் கூட்டி அள்ளினாள்.

செப்டம்பரில், நாடு முழுக்க பழைய கட்டடங்களைத் திறந்துவிடும் மரபு நாட்களுக்கு முந்தின மாலை, மேயர் ரெஜிஸ் முடி வெட்ட வந்தான். மிரேயோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"நாளைக்கு மேடையில பேசணும். கொஞ்சம் நல்லா வெட்டிவிடு."

"பாதையை விக்கிறதுக்கு விசாரணை நடக்குதே, அதைப் பத்தியும் பேசுவியா?"

"ஆரம்பிச்சுட்டியா! தேவாலயக் கூரை ஒழுகுது மிரேய். வானியே சரி பண்ணித் தரேங்கறார். பதிலுக்கு ஒரு முள்ளுப் பாதை. பாதியை வித்துட்டு மீதியை வச்சுக்கலாம்னு நினைக்கிறேன்."

"எந்தப் பாதி?"

"மேல இருக்கிறது அவருக்கு. கீழ துறைப்பக்கம் நமக்கு."

"மேல் பாதியை வித்துட்டா கீழ் பாதிக்கு எப்படிடா போறது? ஹெலிகாப்டர்லயா?"

கத்தரிக்கோல் அவன் இடது காதருகே நின்றது. அந்தப் பக்கம் வெட்டி முடிந்திருந்தது. மிரேய் அவன் கழுத்துத் துணியை உருவி உதறினாள்.

"அவ்வளவுதான். எழுந்திரு."

"வலது பக்கம்?"

"அதை வித்துட்டேன். பாரீஸ்காரர் வாங்கிட்டார்."

"விளையாடாதே மிரேய்! நாளைக்கு பத்திரிகைக்காரன் வர்றான்!"

"தொப்பி போட்டுக்கோ. அதுவும் நம்ம மரபுதான்."

மறுநாள் ரெஜிஸ் தொப்பியோடுதான் மேடையேறினான். வெயில் கொளுத்தியது. ஏன் கழற்றவில்லை என்று ஊருக்கே தெரியும்.

கோட்டையில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. வானியே ஒரு யோசனை செய்தார். வண்டிகளை ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தச் சொன்னார். பாதையின் சங்கிலியைக் கழற்றினார். 'வெள்ளைச் சீமாட்டி நடந்த வழி' என்று அழகான அம்புக்குறிகளை நட்டார். ஆற்றுத் துறையைப் பார்த்துவிட்டு ஏறினால் கோட்டையில் நுழைவுச்சீட்டு மேசை. ஜனம் சாரிசாரியாக நடந்தது.

துறையில் பேய் இல்லை. அன்று கடையை மூடிவிட்டு வந்த மிரேய் இருந்தாள். முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டு, யோலாந்த் கொண்டு வந்த பழைய மரப்பெட்டியில் மண்டியிட்டு, மார்செய் சோப்புப் போட்டுக் கடைத் துண்டுகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் அட்டை: 'தெனிஸ் லகோம்ப், சலவைக்காரி. இந்தக் கல்லில் துவைத்தாள்.'

வானியே வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

"மதாம், இது நிகழ்ச்சியிலேயே கிடையாது. தயவுசெஞ்சு எழுந்துடுங்க."

"எங்கம்மாவும் உங்க நிகழ்ச்சியில கிடையாது, மிஸ்யே. ஆனா உங்க கோட்டை விரிப்பு வெள்ளையா இருந்தது அவளாலதான்."

"இங்க சீமாட்டி கதையைக் கேக்கத்தான் ஜனங்க வர்றாங்க."

"பேய்க்குக் கை வெடிக்காது மிஸ்யே, அதான் உங்களுக்கு அதைப் பிடிச்சிருக்கு!" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தாள் யோலாந்த். கூட்டத்தில் சிரிப்பு.

அந்தக் கூட்டத்திலிருந்து, மழைச்சட்டையைக் கையில் மடித்துப் போட்டிருந்த ஒரு பெண் வானியேயிடம் சாதாரணமாகக் கேட்டாள்:

"இந்த வழியா நிறைய பேர் வருவாங்களா?"

தன் யோசனையின் வெற்றியை யாரிடமாவது சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நூத்துக்கணக்குல, மதாம்! காலையிலேர்ந்து ஓயல. இந்த வழி இல்லாம கோட்டைக்கு அழகே இல்ல."

"நல்லது. நான் தெலூஷ். பாதை விற்பனை விசாரணை அதிகாரி. யாருமே நடக்காத பாதைன்னு உங்க மனுவுல எழுதியிருந்தீங்க, அதைப் பாக்கத்தான் வந்தேன். சதுக்கத்துல வண்டியை விட்டுட்டு, உங்க அம்புக்குறியைப் பாத்துதான் இறங்கினேன். உங்களுக்கு நன்றி."

வானியே திரும்பித் தன் அம்புக்குறியைப் பார்த்தார். மிரேய் துண்டைப் பிழிந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் ரெஜிஸ் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தான். உள்ளே வெட்டி எடுத்த சங்கிலி.

"நேத்து மறுபடி கட்டினார். ஊர் ஆளை விட்டு அறுக்கச் சொல்லிட்டேன். இப்ப மீதியை வெட்டு தாயே."

"தேவாலயக் கூரை?"

"ஒழுகட்டும். கடவுளுக்கு நனையத் தெரியாதா என்ன?"

"அறுவது வயசுல இப்பத்தான் அறிவு வருது உனக்கு. உக்காரு."

விற்கக் கூடாது என்று தெலூஷ் அறிக்கை தந்தார். மன்றமும் விற்பனையைக் கைவிட்டது. ஆனால் வானியே ஒரு வழக்கறிஞரை வைத்திருக்கிறார். அவசரமில்லை அவருக்கு. முள் வளரும், யோலாந்தின் முட்டி முழுதாகத் தேயும், மிரேய்க்கும் ஒருநாள் மூச்சு வாங்கும். அன்றைக்கு அவர் மறுபடி மனுப் போடுவார்: யாரும் நடப்பதில்லை என்று. அதனால்தான் மழையானாலும் திங்கட்கிழமை மிரேய் இறங்குகிறாள். இப்போது பின்னால் ஊரில் பாதி வருகிறது.

மொந்த்ரெல் தூரம். உங்கள் ஊர் தூரமில்லை. அங்கும் ஒரு வண்டிப்பாதையை யாரோ வேலி போட்டு வளைத்திருப்பான்; குளத்துக்குப் போகும் வழியில் ஒரு வாயிற்கதவு முளைத்திருக்கும்; நீங்களும் டீக்கடையில் திட்டிவிட்டுச் சுற்றி நடந்து போயிருப்பீர்கள். இனி சுற்றிப் போகாதீர்கள். வரும் விடுமுறை நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, அந்த வழியிலேயே நடங்கள்.